கார்டு உங்களுடையது, போன் மச்சினனுடையது

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 33. கைக்கு வரும் சம்பளம் 46,000. மனைவி வீட்டில் டியூஷன் எடுப்பதில் 5,000 வருகிறது. ஆன்லைன் எம்பிஏ படித்தால் பதவி உயர்வு கிடைக்கும் என்கிறார்கள். கட்டணம் 1,56,000, மாதம் 6,500 வீதம் 24 மாதம், வட்டி கிடையாதாம். இன்றே 5,000 கட்டி சீட்டை உறுதி செய்யச் சொல்லி தினமும் போன் வருகிறது. இந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா?

கிரெடிட் கார்டில் ஏற்கெனவே நான்கு நோ காஸ்ட் இஎம்ஐ ஓடுகிறது. என் லேப்டாப் 4,500 (3 மாதம் பாக்கி), ஸ்மார்ட் வாட்ச் 1,500 (4 மாதம்), மச்சினனுக்கு வாங்கிய போன் 6,000 (8 மாதம்), அக்கா மகனுக்கு டேப்லெட் 2,500 (9 மாதம்). மச்சினன் நாலு மாதத்தில் 9,000 கொடுத்திருக்கிறான். அக்காவிடம் கேட்க மனசு வரவில்லை. தவணைகள் தவிர கார்டில் 62,000 நிலுவை. மினிமம் டியூவை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. ஒரு லட்ச ரூபாய் ஏலச் சீட்டு, மாதம் 5,000, 20 மாதத்தில் 7 முடிந்திருக்கிறது. மனைவியிடம் ஆறு பவுன் நகை இருக்கிறது. மாதச் செலவுப் பட்டியலைத் தனியாக இணைத்திருக்கிறேன். மச்சினன் இப்போது முப்பதாயிரத்தில் ஸ்மார்ட் கண்ணாடி கேட்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: எம்பிஏ பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் உங்கள் வீட்டில் ஓட்டை இருப்பது வேறு இடத்தில். "மாமா, ஓடிபி சொல்லுங்க" என்று போன் வந்தவுடன் சொல்லிவிடுகிறீர்களே, அங்கே.

மாதத் தவணை 14,500. அதில் 8,500 நீங்கள் தொடாத பொருட்களுக்கு. மச்சினன் போனுக்கு இதுவரை நாலு தவணை, 24,000, வந்தது 9,000. டேப்லெட்டுக்கு மூன்று தவணை, 7,500, வந்தது பூஜ்யம். ஆக 22,500 ரூபாய் உங்கள் 62,000 நிலுவைக்குள் உட்கார்ந்து வட்டி குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது.

மினிமம் டியூ தவறாமல் கட்டுவதை ஒரு பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். மாதம் 3.6 சதவீதம் என்று வைத்தால் 62,000-க்கு வட்டி 2,232. வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 402. இரண்டும் சேர்ந்து 2,634. ஊரில் ஒருவர் நாலு வட்டிக்குப் பணம் தருகிறேன் என்றால் அந்தத் தெருப் பக்கமே போகமாட்டீர்கள். இது நாலே கால் வட்டி. ஆண்டுக்கு 51 சதவீதம்.

பெரும்பாலான வங்கிகளில் மினிமம் டியூ என்பது அந்த மாதத் தவணைகள் முழுசும், வட்டியும், மீதி நிலுவையில் 5 சதவீதமும். உங்களுக்கு 14,500, 2,634, 3,100, ஏறக்குறைய 20,200. இதில் அசலுக்குப் போவது 3,100 மட்டும். அதே மாதம் மளிகை, பெட்ரோல் என்று 9,000 புதிதாகத் தேய்ப்பது உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. 3,100 இறைத்துவிட்டு 9,000 ஊற்றினால் கிணறு எப்படி வற்றும்? இன்னொன்று: முழு பில்லையும் கட்டாத மாதத்திலிருந்து, புதிதாகத் தேய்ப்பதற்கு அந்த 45 நாள் வட்டியில்லா அவகாசம் கிடையாது. இன்று வாங்கும் துவரம்பருப்புக்கு இன்றிலிருந்தே வட்டி.

'நோ காஸ்ட்' என்ற வார்த்தையை நீங்கள் ரொம்பவே நம்பியிருக்கிறீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. மச்சினனின் போனையே எடுப்போம். விலை 72,000, மாதம் 6,000 வீதம் 12 மாதம். 16 சதவீத வட்டி என்றால் வங்கி கடனாக எழுதுவது சுமார் 66,100. மீதி 5,900 வட்டி. அந்த 5,900-ஐ விற்பவர் தள்ளுபடியாகக் காட்டிவிடுவதால் கணக்கு நேராகிவிடுவதுபோலத் தெரியும். ஆனால் வட்டிமேல் வரும் ஜிஎஸ்டி, ஆயிரத்துச் சொச்சம், உங்கள் பில்லில்தான் மாதாமாதம் வருகிறது. ப்ராசசிங் கட்டணம் வரியோடு ஒரு 350. ஒரே தடவையில் பணம் கட்டியிருந்தால் கடைக்காரர் குறைத்திருக்கக்கூடிய நாலாயிரமும் போச்சு. மொத்தம் 5,400. குறைந்துகொண்டே வரும் கடன்மீது கணக்கிட்டால் 15 சதவீதத்துக்குப் பக்கம். கொள்ளை இல்லைதான், இலவசமும் இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. மச்சினன் ஏன் உங்கள் கார்டைக் கேட்கிறார்? சம்பளம் வாங்குகிற ஆளுக்குக் கடைவாசலிலேயே ஆதாரையும் பான் கார்டையும் வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் கடன் கொடுக்கிற காலம் இது. அதுவும் கிடைக்கவில்லை என்றால் அவருடைய சிபில் கணக்கில் ஏதோ இருக்கிறது. கடன் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆளுக்கு, எந்தக் காகிதமும் இல்லாமல் நீங்கள் கடன் கொடுத்திருக்கிறீர்கள். அவர் தராத மாதம் தாமதம் பதிவாவது உங்கள் பான் எண்ணில். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது "அது மச்சினன் போன் சார்" என்று மேனேஜரிடம் சொல்ல முடியாது.

இனி செய்ய வேண்டியது. இந்த வாரமே இரண்டு பவுனை ஒரு பொதுத்துறை வங்கியில் வைத்து 75,000 நகைக்கடன் வாங்குங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் மாத வட்டி 625. அதில் 62,000-ஐக் கார்டுக்குக் கட்டி நிலுவையைத் துடைத்துவிடுங்கள். வட்டியில் மட்டும் மாதம் 2,000 மிச்சம். மீதி 13,000-ஐத் தனியாக வையுங்கள், அதற்கு வேலை இருக்கிறது. மளிகையும் பெட்ரோலும் இனி பணமாகவோ டெபிட் கார்டிலோதான்.

வரவு 51,000. வாடகை, பெற்றோருக்கு அனுப்புவது, பள்ளி, சீட்டு, மற்றவை என நீங்கள் கொடுத்த பட்டியல் 30,500. கார்டில் போன 9,000-ஐயும் சேர்த்தால் 39,500. தவணை 14,500, நகைக்கடன் வட்டி 625. மாதம் 3,600 துண்டு விழும், மச்சினனும் அக்காவும் ஒரு பைசா தராவிட்டால். லேப்டாப் தவணை முடியும்வரை மூன்று மாதம் இந்தப் பள்ளம்; 10,800. அதற்குத்தான் அந்த 13,000. நாலாவது மாதத்திலிருந்து பள்ளம் மறைந்துவிடும். அவர்கள் பங்கான 8,500 வந்துவிட்டால் முதல் மாதத்திலேயே 4,900 மிஞ்சும்.

அது வரவேண்டும் என்றால் மாதாமாதம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. மச்சினனுக்குச் சம்பளம் வரும் தேதிக்கு மறுநாள் அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு 6,000 தானாக வரும்படி அவருடைய வங்கி ஆப்பில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போடச் சொல்லுங்கள், எட்டு மாதத்துக்கு. இதை உங்கள் மனைவி கேட்பதே நல்லது; தம்பியிடம் அக்கா கேட்டால் அது வீட்டுப் பேச்சு, நீங்கள் கேட்டால் மாப்பிள்ளை முறுக்கு. பழைய பாக்கி 15,000-ஐ இப்போதைக்குக் கிளறாதீர்கள். உங்கள் அக்காவிடம் மட்டும் நீங்களேதான் பேச வேண்டும். 2,500 முடியாவிட்டால் 1,000 வாங்குங்கள். முடியவே முடியாது என்றால் பையனுக்கு மாமா வாங்கிக் கொடுத்த பரிசு என்று மனதுக்குள் எழுதிவிட்டு, பட்டியலில் செலவாகப் போடுங்கள். கடன் என்று சொல்லிக்கொண்டு பரிசு கொடுப்பதுதான் கணக்கைக் கெடுக்கிறது.

போன் தவணையை முன்கூட்டி அடைக்கலாமா என்று தோன்றும். பொதுவாக மீதி அசலில் 3 சதவீதம் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி. எட்டு மாதத்துக்கு மிச்சமாவது ஆயிரத்துச் சொச்சம்தான். நகையை இன்னும் அதிகமாக அடகு வைத்து அதைச் செய்ய வேண்டாம். சீட்டையும் இப்போது எடுக்காதீர்கள், நடுவில் கழிவு அதிகம். நகைக்கடனுக்கு ஒரு வருடக் கெடு இருக்கும். சீட்டு முடிய அப்போது ஒரு மாதம்தான் பாக்கி. ஏலத்தில் போட்டி இருக்காது, சின்னக் கழிவில் எடுத்து நகையை மீட்டுவிடலாம்.

எம்பிஏவுக்கு வருவோம். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அனுமதித்த ஆன்லைன் பட்டம் வகுப்பில் உட்கார்ந்து படித்த பட்டத்துக்குச் சமம். 2022-லேயே யுஜிசி அறிவித்துவிட்டது. அனுமதி இருப்பது பல்கலைக்கழகத்துக்கா, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கா, இந்தச் சேர்க்கைப் பருவத்துக்கா என்பதுதான் கேள்வி. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் மூன்றையும் பாருங்கள். சேர்வதற்கு அங்கே டெப் ஐடி என்ற மாணவர் அடையாள எண்ணை நீங்களே எடுக்க வேண்டும். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்கிற ஆலோசகரை விட்டு விலகுங்கள். பட்டப் படிப்பை ஃபிரான்சைஸாக நடத்த அனுமதி கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தருகிறோம் என்று வரும் எட்டெக் (ஆன்லைன் கல்வி) நிறுவனங்களின் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசி 2023 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது.

உங்களிடம் சொல்லப்பட்ட "வட்டியில்லாத் தவணை" அநேகமாகப் பல்கலைக்கழகம் தருவது அல்ல. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் எழுதும் கடன். படிப்பு பிடிக்காமல் நாலாவது மாதம் நின்றாலும் 24-வது மாதம்வரை உங்கள் கணக்கிலிருந்து 6,500 போய்க்கொண்டிருக்கும். அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்பது உங்களுக்கும் படிப்பு விற்றவருக்கும் இடையிலான தகராறு. கடன் கொடுத்தவர் அதில் தலையிடமாட்டார்.

அதே பட்டத்தை இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நான்கு செமஸ்டருக்குத் தனித்தனியாகக் கட்டிப் படிக்கலாம். மொத்தக் கட்டணமும் இதைவிட நிறையக் குறைவு, கடனே வேண்டாம். ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை. லேப்டாப், வாட்ச் இரண்டு தவணையும் முடிந்தபின் வரும் பருவத்தில் சேருங்கள். அதற்குள் உங்கள் எச்ஆரிடம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: அடுத்த பதவிக்கு எம்பிஏ தகுதி கட்டாயமா, ஆன்லைன் பட்டத்தை ஏற்பார்களா என்று. வாய்வார்த்தைக்கு 1,56,000 அதிகம்.

கண்ணாடி விஷயம். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் ஹ்யூமேன் என்ற நிறுவனம் சட்டையில் குத்திக்கொள்ளும் 699 டாலர் ஏஐ பின் ஒன்றை வாங்கியவர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தது, மாதச் சந்தா 24 டாலர் தனி. 2025 பிப்ரவரி 28-ல் சர்வரை நிறுத்திவிட்டார்கள். 12 மாதத் தவணையில் வாங்கியிருந்தால் தவணை முடியும் முன்பே பொருள் செத்திருக்கும். எல்லாப் புதுக் கருவிக்கும் இந்தக் கதி வரும் என்று சொல்லவில்லை. ஆனால் மூளையை வேறொருவர் சர்வரில் வைத்திருக்கும் பொருளை, அதுவும் இன்னொருவருக்காக, தவணையில் வாங்காதீர்கள். மச்சினனிடம் "கார்டு லிமிட் இல்லை" என்று சாக்குச் சொல்ல வேண்டாம். லிமிட் வந்ததும் திரும்பக் கேட்பார். "இனி யாருக்கும் கார்டு தருவதில்லை" என்று ஒரே தடவை சொல்லிவிடுங்கள்.

சொல்லிவிட்டு, வங்கி ஆப்பைத் திறந்து கார்டு டோக்கன்கள் என்ற பகுதிக்குப் போங்கள். எந்தெந்த ஷாப்பிங் ஆப்பில் உங்கள் கார்டு சேமிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும். மச்சினன் போனில் இருப்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் நீக்குங்கள். ஆன்லைன் பயன்பாட்டையும் அங்கேயே அணைத்துவிடலாம். ஓடும் தவணைகளுக்கு அதனால் எதுவும் ஆகாது.