ஓடும்போதே ஆஃப் ஆகும் பழைய வண்டி: கேள்வி பதில்

ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று நிற்கிறது. கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஓடுகிறது. அதனால் இங்கே வரும் பதில்கள், வண்டி நிற்கும் அந்தச் சில நொடிகளில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சுற்றியே இருக்கும்.

கேள்வி: சார், 2004 மாடல் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார், மேனுவல் கியர். ஓடிட்டிருக்கும்போதே பட்டுனு ஆஃப் ஆகுது. இருபது நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆயிடுது. பிளக், பெட்ரோல் ஃபில்டர், பம்ப் மூணையும் மாத்தியாச்சு. அடுத்து எதை மாத்தணும்?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். வண்டி எப்படி நிற்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. இழுவை குறைந்து, வெட்டி வெட்டித் திணறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை. சுவிட்சை அணைத்ததுபோல் ஒரே நொடியில் நின்றால் கரன்ட் பக்கம் கோளாறு. நீங்கள் சொல்வது இரண்டாவது வகை.

அடுத்த முறை நிற்கும்போது கிளட்ச்சை மிதிக்காமல் ஓரிரு நொடி கியரிலேயே உருளவிட்டு, டேஷ்போர்டில் இரண்டு விஷயம் பாருங்கள். பின்னால் நெருக்கமாக வண்டி வந்தால் இதைச் செய்யாதீர்கள். சக்கரம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருப்பதால் ஆர்.பி.எம். முள் ஏதாவது காட்டத்தான் வேண்டும். வண்டி உருளும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால், இன்ஜின் சுற்றுவதை இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். இரண்டாவது, இன்ஜின் நின்றதும் ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிய வேண்டும். டேஷ்போர்டே முழுக்க இருண்டுவிட்டால் சென்சாரைத் தேடிப் பயனில்லை. இக்னிஷன் சுவிட்ச், மெயின் ஃபியூஸ், பேட்டரி டெர்மினல் என்ற வரிசையில் பாருங்கள்.

கேள்வி: நீங்க சொன்ன மாதிரியே முள் பூஜ்யத்துக்கு விழுந்துச்சு சார். ஆனா ஸ்கேனர்ல ஒரு எரர் கோடும் (code) இல்ல. அப்போ சென்சார் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. கிராங்க் சென்சாருக்கான பி0335 கோடு எல்லா முறையும் பதிவாகாது. சிக்னல் நின்றதும், இன்ஜினே நின்றுவிட்டது என்று எண்ணிக் கம்ப்யூட்டர் சும்மா இருந்துவிடும் வண்டிகள் நிறைய.

இந்தச் சென்சார் சூட்டில்தான் ஏமாற்றும். உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியில் விரிசல் இருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறும். ஆறினால் சேர்ந்துகொள்ளும். இருபது நிமிடக் கணக்கு அதனால்தான். இரண்டு வயர் உள்ள காந்த வகையாக இருந்தால் குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். பல வண்டிகளில் சில நூறு ஓம் முதல் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும்வரை இருக்கும். உங்கள் மாடலின் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் உண்டு. அடுத்து ஹேர் டிரையரால் சென்சாரைச் சுடவைத்துக்கொண்டே மீட்டரைக் கவனியுங்கள். அளவு மெதுவாக ஏறினால் இயல்பு. தாவினாலோ தொடர்பே அறுந்தாலோ சென்சார் போய்விட்டது. மூன்று வயர் இருந்தால் அது பெரும்பாலும் ஹால் வகை, அதாவது காந்தப்புலத்தை உணரும் சிப் உள்ளது. அதற்கு ஓம் அளவு எதையும் சொல்லாது. சப்ளை வோல்டேஜையும் சிக்னலையும்தான் பார்க்க வேண்டும்.

வழியில் நின்றுவிட்டால் இன்னொரு சோதனை செய்யலாம். சென்சாருக்குக் கை எட்டுமானால் ஈரத் துணியை அதன்மேல் ஓரிரு நிமிடம் வையுங்கள். எப்போதும் இருபது நிமிடம் எடுக்கும் வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால் ஆள் சிக்கிவிட்டது. மாற்றும்போது கனெக்டரையும், எக்ஸாஸ்ட் பக்கம் போகும் வயரின் மேலுறையையும் பார்க்காமல் மூடாதீர்கள். புதுச் சென்சார் போட்டும் நிற்கும் வண்டிகளில் பலநேரம் வயர்தான் குற்றவாளி.

கேள்வி: எனக்கு முள்ளே இல்லாத பழைய மாடல் (இன்ஜெக்‌ஷன்தான்). பெட்ரோலா கரன்டா எப்படிப் பிரிக்கிறது?

பதில்: இரண்டு சின்ன பல்புகள் போதும். 12 வோல்ட், 5 வாட் பல்ப் இரண்டு எடுத்து, ஒவ்வொன்றின் பாசிட்டிவ் வயரிலும், வயரைத் தட்டி எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். முதல் பல்பை, ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயிலின் பாசிட்டிவுக்கும் பாடி எர்த்துக்கும் நடுவில் இணையுங்கள். இரண்டாவதைப் பம்புக்குப் போகும் இரண்டு வயர்களுக்கும் குறுக்கே கொடுங்கள். பாடி எர்த் எடுக்காமல் பம்பின் சொந்த எர்த் வயரிலேயே கொடுத்தால்தான் எர்த் அறுந்தாலும் தெரியும். பெட்ரோல் ஆவி இருக்கும் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் வயரைச் சீவ வேண்டாம். கேபினுக்குள் வரும் இடத்தில் எடுங்கள். பல்புகளை டேஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள்.

நிற்கும்போது காயில் பல்ப் அணைந்தால் கரன்ட் பக்கம் பாருங்கள். காயில் பல்ப் எரிந்து, இன்ஜின் திணறத் தொடங்கும் முன்பே பம்ப் பல்ப் அணைந்திருந்தால் பம்ப் ரிலே (பம்புக்குக் கரன்ட் கொடுக்கும் மின் சுவிட்ச்), அதன் ஃபியூஸ், பம்ப் எர்த் மூன்றில் ஒன்று. இன்ஜின் நின்று ஓரிரு நொடி கழித்துப் பம்ப் பல்ப் அணைவது இயல்பு. இன்ஜின் சுற்றவில்லை என்றால் கம்ப்யூட்டரே பம்பை நிறுத்திவிடும். எது முதலில் அணைந்தது என்பதைத் தவறவிட்டால் நல்ல ரிலேயை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

ரிலே என்று தெரிந்தால் அதன் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, உள்ளே போர்டின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கால்களைச் சுற்றிச் சோல்டரில் தலைமுடி அளவுக்குக் கறுப்பு வளையம் தெரியும். சூட்டில் அந்த இடைவெளிதான் திறக்கிறது. பழைய சோல்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் போதும்.

இரண்டு பல்பும் எரிந்துகொண்டிருக்கும்போதே இழுவை செத்து நின்றால் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். மல்டிபாயின்ட் இன்ஜெக்‌ஷன் பெரும்பாலானவற்றில் 2.5 முதல் 3.5 பார் வரை இருக்கும். டேங்க்குக்குள் இருக்கும் பம்பைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் குளிரவைக்கிறது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் பம்ப் சூடேறிச் சீக்கிரம் தேயும்.

கேள்வி: அண்ணா, ஓடும்போது பிரச்சனை இல்ல. சிக்னல்ல பிரேக் போட்டு நிக்கும்போது மட்டும் ஆஃப் ஆகுது.

பதில்: இது வேறு நோய். ஐடிலுக்கு, அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடுவதற்கு, வேண்டிய காற்று சரியாகக் கிடைக்கவில்லை. இன்ஜினுக்குக் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் பாடியிலும் ஐடில் வால்விலும் கார்பன் அடைத்திருக்கும். கிளீனரும் துணியும் போதும். எலக்ட்ரானிக் த்ராட்டிலாக இருந்தால் தகட்டைக் கையால் தள்ளாதீர்கள்.

பிரேக் மிதிக்கும்போதுதான் நிற்கிறது என்றால், இன்ஜின் வேக்குவத்தால் பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டரையும் பாருங்கள். வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஐடிலில் விட்டு பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். இன்ஜின் தொடர்ந்து நடுங்கி, பெடல் பக்கம் உஸ்ஸென்று சத்தம் வந்தால் பூஸ்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் படலம் கிழிந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் என்றால் டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப் (இன்ஜினையும் கியரையும் நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) விடுபடாமல் இருக்கலாம். கிளட்ச் மிதிக்காமல் நிறுத்தினால் மேனுவல் வண்டி எப்படி நிற்குமோ அப்படியே குலுங்கி நிற்கும்.

கேள்வி: கார்புரேட்டர், பாயின்ட் செட் உள்ள வண்டி. வெயில்ல மேடு ஏறினா நிக்குது.

பதில்: நின்றவுடன் ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஆக்சிலரேட்டர் லிவரைக் கையால் ஒருமுறை இழுத்துக் கார்புரேட்டர் வாயைப் பாருங்கள். பெட்ரோல் பீச்சினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, கரன்ட் பக்கம் போகலாம். பீச்சவில்லை என்றால் பெட்ரோல் ஏறவில்லை.

கரன்ட் பக்கம் முதல் சந்தேகம், பாயின்ட்டோடு இணைந்திருக்கும் சின்ன மின்தேக்கியான கண்டென்சர். சூட்டில் போனால் ஸ்பார்க் நீலமாக இல்லாமல் மஞ்சளாக மெலியும், காயிலின் கரன்டை வெட்டும் பாயின்ட் கருகும். புதுப் பாயின்ட்டுக்குப் பல வண்டிகளில் 0.4 மி.மீ. அளவில் இடைவெளி வையுங்கள். காயிலையும் அளந்துவிடுங்கள். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரன்டைக் குறைக்கும் ரெசிஸ்டர்) இல்லாத வண்டியில் சுமார் 3 ஓம் காயில் இருக்க வேண்டும். யாராவது 1.5 ஓம் காயிலை மாட்டியிருந்தால் அது கொதித்துப்போய் நிற்கும்.

பெட்ரோல் ஏறவில்லை என்றால் சூட்டில் லைனுக்குள் ஆவி அடைக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்தத் தொல்லை கூடுதல். லைனை எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கி, நடுவில் ஒரு தகடு வையுங்கள்.

கேள்வி: முப்பது நாப்பது கி.மீ. போனதும் திணறி நிக்குது. டேங்க் மூடியைத் திறந்து மூடினா சரியாகுது!

பதில்: காற்றுத் துளை அடைத்திருக்கிறது. திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டிருக்குமே. மூடியையும் வென்ட் குழாயையும் சுத்தம் செய்யுங்கள். திறக்காமலே பத்து நிமிடத்தில் சரியானால் டேங்க்குக்குள் குப்பை. உறிஞ்சு குழாயில் ஒட்டும், இன்ஜின் நின்றதும் விழும்.

கேள்வி: ஹைவேல நின்னா என்ன செய்யணும்?

பதில்: ஹஸார்ட் விளக்கைப் போடுங்கள். சாவியை லாக் வரை திருப்பாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பவர் ஸ்டீயரிங் கனமாகும், திருப்ப முடியும். பூஸ்டரில் ஓரிரு முறை மிதிக்கவே வேக்குவம் மிஞ்சியிருக்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதித்து ஓரம் கட்டுங்கள். காரணம் தெரியும்வரை அந்த வண்டியில் வேகச் சாலைக்குப் போகவே வேண்டாம்.

கேள்வி: பழைய டீசல், மெக்கானிக்கல் பம்ப். ஸ்பார்க்கே இல்லாத வண்டி ஏன் பட்டுனு நிக்கணும்?

பதில்: பம்பின் மேல் ஒற்றை வயர் போகும் ஸ்டாப் சோலனாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) இருக்கிறதா பாருங்கள். அதற்கு 12 வோல்ட் இருந்தால்தான் டீசல் போகும். அந்த வயரின் நட் தளர்ந்தால் குழியில் இறங்கும்போதே இன்ஜின் நிற்கும். சாவியை ஆன் செய்து, வயரைக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று கேட்க வேண்டும்.

திணறி நிற்கிறது என்றால் ஏர் எடுக்கிறது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் டீசலைத் தாங்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு துண்டு போட்டு, ஓடவிட்டுக் குமிழ் வருகிறதா பாருங்கள். உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரம் தேடாமல், ஹேண்ட் பம்பின் சீல், ஃபில்டர் வாஷர், ரப்பர் ஹோஸின் கிளிப் ஒவ்வொன்றாகப் புதிதாக்கிக்கொண்டே வாருங்கள். குமிழ் நிற்கும் இடத்தில் வேலையை நிறுத்தலாம்.