என் வாசலில் என் வண்டியை நிறுத்தக் கூடாதா?

கேள்வி: குன்னூர் நகராட்சிக்குள் சரிவில் எங்கள் வீடு. மகனுக்குப் பச்சைத்தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டி இருக்கிறது. இரவில் முன்வாசலில் நிறுத்துவோம், மழைக்காகத் தகரக் கூரை போட்டிருக்கிறோம். மேல் வீட்டுக்காரர் பல வருடம் அமெரிக்காவில் இருந்தவர். ‘வீட்டு முன்புறம் வண்டி நிறுத்துவதே சட்டவிரோதம்’ என்று மனு கொடுத்து, நோட்டீஸ் வந்துவிட்டது. பக்கத்து மேட்டை பொக்லைன் வைத்து வெட்டி ஷெட் கட்டிவிடலாமா?

பதில்: ஐயா, அமெரிக்காவில் பல நகரங்களில் முன்புறப் புல்தரையில் கார் நிறுத்தினால் அபராதம் உண்டு என்பது உண்மைதான். அது அந்த ஊர் விதி. சொந்த வாசலில் சொந்த வண்டி நிற்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் பொதுத் தடை எதுவும் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்க்கிங் பிரிவுகள் பொது இடத்துக்குத்தான், உங்கள் கேட்டுக்கு உள்ளே வராது. வண்டியின் வால் பாதையில் நீட்டிக்கொண்டு நின்றால் மட்டும் கதை வேறு. பொது வழியை மறித்ததாக, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 285-இன்படி 5,000 ரூபாய் வரை அபராதம் போடலாம்.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் நகலைப் படித்தேன். வண்டியைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. முன்புறம் காலியாக விட வேண்டிய இடத்தில் அனுமதியில்லாமல் கூரை போட்டதைத்தான் கேட்டிருக்கிறார்கள். அதில் நகராட்சி பக்கம் நியாயம் இருக்கிறது. அனுமதி வாங்கிய வரைபடத்தில் அந்த இடம் திறந்தவெளி. நான்கு இரும்புக் குழாய் நட்டுத் தகரம் போட்டாலும் அது கட்டுமானம்தான். கூரையைக் கழற்றிவிட்டு, கழற்றிய போட்டோவுடன் பதில் எழுதிக் கொடுத்து முத்திரை போட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தார்ப்பாய் போர்த்தினால் வண்டி ஒன்றும் கரைந்துவிடாது.

உங்கள் கிரயப் பத்திரத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மனை பிரித்து விற்றவர்கள் சரக்கு வண்டி நிறுத்தக் கூடாது என்று நிபந்தனை எழுதியிருந்தால், அது தெரிந்தே வாங்கிய உங்களையும் கட்டுப்படுத்தக்கூடும். அப்படி இல்லையென்றால் குடியிருப்போர் சங்கத்தின் தீர்மானம் சட்டமாகிவிடாது. அதற்காக விடியற்காலையில் டீசல் எஞ்சினை அரை மணி நேரம் உறும விடுவதும், வாசலிலேயே இலை எடை போடுவதும் வேண்டாம். புகையும் சத்தமும் தாங்க முடியாத அளவுக்குப் போனால், அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம்.

எனக்குக் கவலை தருவது உங்கள் கடைசி யோசனைதான். வாசலில் நிற்கும் வண்டிக்காக வழக்குப் போட அவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. மேட்டில் கை வைத்தால் பலமான வழக்கை நீங்களே அவர் கையில் கொடுத்துவிடுவீர்கள். நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் பொக்லைன் இறக்கினால் அந்த இயந்திரத்தைப் பறிமுதல் செய்வார்கள், வழக்கும் வரும். நடுவில் சில்வர் ஓக் மரம் நின்றால், 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேல், 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு இருக்கிறது. பக்கத்து மண் இயற்கையாகத் தரும் தாங்கலைப் பெறுவது ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் உள்ள உரிமை என்று அது சொல்கிறது. நீங்கள் வெட்டுவது உங்கள் பட்டா நிலமாகவே இருக்கட்டும். அதனால் அவர் நிலம் சரிந்தால் பொறுப்பு உங்களுடையது. 2009 நவம்பரில் நம் மலையில் மண் சரிந்து எத்தனை வீடுகள் போயின என்று உங்களுக்கே தெரியும்.

ஷெட் கட்டாயம் வேண்டுமென்றால் முதலில் பொறியாளரிடம் இடத்தைக் காட்டுங்கள். தண்ணீர் வடியத் துளை விட்ட தடுப்புச்சுவரோடு வரைபடம் போட்டு அனுமதிக்குக் கொடுங்கள். அனுமதி கைக்கு வந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை மண்ணைத் தொட வேண்டாம்.