கட்டி முடித்தாலும் போன் உங்களுடையது இல்லை, தம்பி

கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து மூன்று வாரம்தான், மோலில் ஒரு தமிழ்ப் பெடியன் "கையில் காசே வேண்டாம் அண்ணா, 24 மாதம் கட்டினால் சரி" என்று புது ஐபோனைக் காட்டுகிறான், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர் ஜாக்கெட், லைசன்ஸ் எல்லாம் கூட இருக்கிறவர்களே சொல்லித் தருவார்கள். போன் விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

ஊரில் ஆட்டோவை லீசிங்கில் எடுத்தால் கடைசித் தவணையோடு அது நமக்குச் சொந்தம். அதே நினைப்பில்தான் இங்கேயும் கையெழுத்து வைக்கிறோம். இங்கே இரண்டு விதம் உண்டு. ஒன்றில் போனின் முழு விலையையும் 24 மாதத்தில் கட்டி முடிப்பீர்கள், போன் உங்களுடையதுதான். மற்றதில் மாதக் காசு குறைவு. ஏனென்றால் விலையில் ஒரு பகுதியைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். 24 மாதம் முடிய போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பகுதியை ஒரேயடியாகக் கட்ட வேண்டும். கண்ணாடி வெடித்திருந்தால் அதற்கும் காசு. "திருப்பித் தர வேண்டுமா?" என்று அந்தப் பெடியனிடம் நேரடியாகக் கேளுங்கள். ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டீர்களா? கனடாவில் தொலைபேசிக் கம்பனிகளைக் கட்டுப்படுத்தும் அரச ஆணையமான சிஆர்டிசியின் விதிப்படி, அதிகம் பாவிக்காமல் பெட்டியோடு புதிதுபோல வைத்திருந்தால் 15 நாளுக்குள் அபராதமில்லாமல் திருப்பிக் கொடுக்கலாம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த போன் வேலை செய்கிறதென்றால் சிம் மட்டும் வாங்கிப் போடுங்கள். என் போனுக்கு இது ஆறாவது வருடம். பிறந்தநாள் விழாக்களில் யார் என்ன சொன்னாலும் நான் மாற்றவில்லை.

எங்கள் ஆட்களில் எனக்குப் பெரிய மனக்குறை இதுதான். சொந்த வீட்டுக்காக இரண்டு வேலை செய்வார்கள். அந்த வீட்டுக்குள் போனும் வாடகை, சுடுதண்ணீர் டாங்கியும் வாடகை. எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் டாங்கியை வாடகைக்கு வைத்திருப்பது சர்வசாதாரணம். நானும் வாசலில் வந்து நின்ற ஒருவனை நம்பிக் கையெழுத்து வைத்து 11 வருடம் கட்டினேன். வீட்டை விற்கப் போனபோதுதான், அந்த டாங்கிக்காக என் வீட்டுப் பத்திரத்தின் மேல் ஒரு பதிவு போட்டிருந்தது தெரிந்தது. அதை எடுக்க டாங்கியின் விலையை விடக் கூடக் கேட்டார்கள். 2018 மார்ச்சிலிருந்து டாங்கியை வீடு வீடாகப் போய் விற்க முடியாது. அப்படிப் பதிவு போடுவதையும் 2024இல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். எனக்குத்தான் அது பிந்திப்போனது.

என் முதல் பாடம் அதற்கும் முந்தியது. 1999 குளிரில் வந்து ஒரு பேஸ்மென்டில் இருந்தேன். வாரம் 19 டொலர் என்று ஒரு கடையில் 27 அங்குல டிவி எடுத்தேன். பதினான்கு மாதம் விடாமல் கட்டினேன். பிறகு ஃபாக்டரியில் வேலை நிறுத்தினார்கள், மூன்று வாரம் கட்ட முடியவில்லை. இரண்டு பேர் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டிய காசில் ஒரு சதமும் திரும்பி வரவில்லை. டிவி நின்ற இடத்தில் கார்ப்பெட்டில் நான்கு பள்ளம் மட்டும் இருந்தது. மனைவி அதைக் காலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தா, மறையவில்லை.

வசந்தம் வந்ததும் மச்சானும் நானும் ஒரு கராஜ் சேலில் 15 டொலருக்குப் பழைய டிவி ஒன்று வாங்கி, போர்வையில் சுற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து மார்க்கம் ரோட்டால் நடந்தே கொண்டுவந்தோம். பள்ளத்தின் மேலேயே வைத்தோம். மூத்தவள் பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் அதில்தான் கார்ட்டூன் பார்த்தாள்.