சுவரில் ஊரும் சாம்பல் கூடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கீழ்த்தள வீடு, சுவர் முழுக்க ஓதம். பூசணி விதை மாதிரி ஒன்று சுவரில் ஒட்டியிருக்கிறது. சற்று நேரத்தில் இடம் மாறிவிடுகிறது. இரண்டு முனையிலும் தலை தெரிகிறது. சுவரைத் தின்கிறதா? மருந்து அடித்தும் போகவில்லை.
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தலை ஒன்றுதான். கூடு இரு முனையும் திறந்தது. உள்ளிருக்கும் புழு திரும்பிப் படுத்து எந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கும். இது ஃபெரியீகா என்ற பேரினத்தைச் சேர்ந்த சிறு அந்துப்பூச்சியின் புழு. கூடு 8 முதல் 14 மி.மீ. நீளம், 3 முதல் 5 மி.மீ. அகலம். உட்புறம் பட்டு நூல். வெளியே மணல், துரு, பெயின்ட் துகள் என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். சுவரிலிருந்து எடுப்பது இவ்வளவுதான், சாப்பாடு வேறு: பழைய ஒட்டடை, செத்த பூச்சி, உதிர்ந்த முடி, கம்பளி. பருத்தித் துணியைத் தொடாது. கடிக்கவும் கடிக்காது.

மருந்து பலிக்காததற்குக் காரணம் உண்டு. கூடு புழுவுக்குக் கவசம். தெளிப்பது உள்ளே இறங்குவதில்லை. அந்த மருந்தில் செத்து விழும் கரப்பானும் கொசுவும் அதற்கே தீனியாகின்றன! ஒட்டடைக் கம்புதான் இங்கே நல்ல மருந்து.

கூடுகளை நசுக்காமல் (சுவரில் கறை படியும்) எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். பின்னால் காற்று போகட்டும். கடலோர ஈரக்காற்றும் ஓதமும் இதற்கு மிகவும் பிடிக்கும். சாமி படங்களின் பின்புறம், பரண், கட்டிலடி, மழைக்காலத்தில் ஈசல் விழும் டியூப் லைட்டின் கீழ்ப்பகுதி எல்லாம் பாருங்கள். சுவரும் தரையும் சேரும் இடுக்கைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டுங்கள். முட்டைகளை அங்கேதான் ஒட்டி வைக்கும். ஒரு பெண்பூச்சி 200 வரை இடும்.

ஒரு நாள் சுத்தம் போதாது. முட்டை பொரியப் பத்து நாளாவது ஆகும், புழுப்பருவம் சுமார் 50 நாள், கூட்டுப்புழு ஏறக்குறைய 15 நாள். ஆகவே மூன்று மாதம், வாரம் ஒருமுறை.

கூட்டுப்புழுவாகுமுன் புழு சுவரில் ஏறி, கூட்டின் இரு முனையையும் நூலால் சுவரோடு கட்டிவிட்டு, ஒரு முனையின் ஓரங்களை வெட்டித் தட்டையாக்கி வைக்கும். பூச்சி வெளியேறும் வாசல் அது. அங்கே காய்ந்த தோல் பாதி நீட்டிக்கொண்டிருந்தால் பூச்சி பறந்துவிட்டது. அந்தக் கூட்டை ஒழித்துப் பயனில்லை.

கேள்வி: இதை 'பேக்வார்ம்' என்கிறார்களே, சரியா? இனம் கண்டுபிடிப்பது எப்படி?
– விலங்கியல் மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: சரியில்லை. பேக்வார்ம் என்பவை சைக்கிடே குடும்பம். மரங்களில் குச்சி, இலைகளைக் கட்டிக்கொண்டு தொங்குபவை. அவற்றில் பலவற்றின் பெண்ணுக்குச் சிறகே கிடையாது. ஃபெரியீகா டினெயிடே குடும்பம், பெண்ணுக்கும் சிறகுண்டு. இரு குடும்பமும் டினியாய்டியா என்ற ஒரே பெருங்குடும்பத்தில் வருவதால் பங்காளிகள் எனலாம்.

இன்று ஃபெரியீகாவில் உள்ள, பூச்சியியலாளர்கள் 1892இல் ரெபெல் விவரித்த அல்லுடெல்லா, 1897இல் வால்சிங்ஹாம் விவரித்த யுட்டெரெல்லா ஆகிய இனங்கள் முதலில் டினியோலா என்ற பேரினத்தில் இருந்தன. 1956இல் ஹின்டனும் பிராட்லியும் ஃபெரியீகாவைத் தனிப் பேரினமாக்கினார்கள். நியாயமான பிரிவுதான்: துணியரிக்கும் டினியோலா பிஸ்ஸெலியெல்லாவின் புழு பட்டுக் குழாய் கட்டுமே தவிர, கூட்டைச் சுமந்து திரியாது.

சாம்பல் சிறகில் உள்ள கரும்புள்ளிகளை மட்டும் வைத்து இனம் சொல்லாதீர்கள், செதில் உதிர்ந்தால் புள்ளியும் போய்விடும். கூட்டைப் போத்தலில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, பூச்சி வெளிவரும் வரை வளர்ப்பதே மேல். பிறகு வயிற்றுப் பகுதியைத் தனியே எடுத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி, மெல்லிய தூரிகையால் செதிலை நீக்கி, கிளிசரினில் வைத்து இனப்பெருக்க உறுப்பைப் பாருங்கள். கூடுதலாகச் சூடாக்கினால் சவ்வு கிழியும். காலிக் கூட்டையும் பூச்சியைக் குத்திய அதே ஊசியில் குத்தி வையுங்கள்.

கேள்வி: அரிசி டப்பாவில் பறக்கும் அந்துவும் இதுவும் ஒன்றா?
– வாசகர், ராயபுரம்

பதில்: இல்லை. அது பெரும்பாலும் கோர்சைரா செஃபலோனிகா, பைரலிடே குடும்பம். அதன் புழு அரிசியையும் ரவையையும் நூலால் கட்டிகட்டியாகப் பிணைக்கும். கட்டியைச் சலித்து வீட்டுக்கு வெளியே கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்தபின் நிரப்புங்கள்.