எதை முதலில் செய்வது?

வணக்கம். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் இயக்குநர் குழுவில் இருக்கிறேன். தொழில் தெரிந்த மேலாளரை நியமித்து இணைய விற்பனை தொடங்கலாம் என்கிறோம் சிலர். முதலில் கணக்கு வழக்கைச் சரிசெய்து உறுப்பினர்கள் எல்லாரும் கூடும் பேரவையைக் கூட்டுங்கள் என்கிறார்கள் மற்றவர்கள். எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் தனியார் முந்திவிட மாட்டார்களா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அவசரம் புரிகிறது. ஆனால் நிர்வாக ஒழுங்கும் புது முயற்சியும் ஒரே வேலை என்றுதான் நான் நினைக்கிறேன்.

குஜராத்தின் ஆனந்தில் கெய்ரா பால் உற்பத்தியாளர் கூட்டுறவு 1946-இல் பதிவானது. பின்னாளில் அமுல் என்று பெயர்பெற்றது இதுதான். குளிர்காலத்தில் எருமைகள் கூடுதலாகக் கறக்கும். அவ்வளவு பாலையும் வாங்க ஆளிருக்காது. எருமைப் பாலில் பவுடர் எடுக்க முடியாது என்று வல்லுநர்கள் சொல்லிவந்தார்கள். அங்கே வேலைபார்த்த பால் தொழில்நுட்பர் தலாயா எடுத்துக் காட்டினார். 1955-இல் அதற்கு ஆலையே வந்துவிட்டது. விற்காமல் நின்ற உறுப்பினரின் பாலிலிருந்து பிறந்த கண்டுபிடிப்பு அது. அங்கே தொழிலை நடத்தியவர் மேலாளர் குரியன். உறுப்பினர்களுக்குப் பதில் சொன்னவர் தலைவர் திரிபுவன்தாஸ் படேல். இந்தப் பிரிவினை உங்களுக்கும் வேண்டும்.

பிரிட்டனில் வேறு மாதிரி நடந்தது. அங்கிருந்த கூட்டுறவு வங்கி 2009-இல் பிரிட்டானியா என்ற வீட்டுக்கடன் சங்கத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 2013-இல் பார்த்தால் மூலதனத்தில் 150 கோடி பவுண்டு பள்ளம். வங்கியின் தாய்க் குழுமத்தின் நிர்வாகத்தை ஆராய்ந்த முன்னாள் அமைச்சர் பால் மைனர்ஸ் (Paul Myners), அவ்வளவு பெரிய தொழிலை மேற்பார்வையிடும் திறமை இயக்குநர் குழுவுக்குப் போதவில்லை என்றார். இயக்குநர்களுக்குத் தேர்தல் இருந்தது. ஆனால் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்பவர்கள் போதுமான அளவு இல்லை. படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அதனால் பேரவையைக் கூட்டுங்கள், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரே ஒரு தாள் போதும். இணைய விற்பனைக்கு எவ்வளவு செலவு, நட்டம் வந்தால் எந்த நிதியிலிருந்து போகும், எத்தனை மாதத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்துவோம், மேலாளர் யாரையும் கேட்காமல் எவ்வளவு வரை செலவழிக்கலாம். எல்லாம் எண்களாக இருக்கட்டும். இயக்குநர்கள் அதற்குள் ஐந்தொகையை, அதாவது சங்கத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கை, படிக்கப் பழகிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தனியார் முந்துவார்களா? சில வாரம் முந்தலாம். ஆனால் தானும் கைதூக்கி ஒப்புக்கொண்ட திட்டத்தை உறுப்பினர் அவ்வளவு லேசில் விட்டுப் போக மாட்டார். வெளியாள் கொஞ்சம் கூடுதல் விலை சொன்னாலும் சரக்கைச் சங்கத்துக்கே கொண்டுவருவார். அந்தச் சரக்கு இல்லாமல் இணையத்தில் எதை விற்பீர்கள்?

தாள் தயாரானதும் எனக்கும் அனுப்புங்கள். கூட்டத்துக்கு முன் படித்துச் சொல்கிறேன்.