ஜெர்மனிக்கு இறையியல் படிக்க வரும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் நான் இங்கே படிக்க வந்த 1997 அக்டோபர் ஞாபகம் வந்துவிட்டது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பி.டி. என்ற இறையியல் பட்டம் முடித்து, இரண்டு வருஷம் சேகரத்தில் (உள்ளூர்ச் சபைகளில்) ஊழியம் செய்துவிட்டு, இப்போது ஜெர்மனியில் ஆங்கில வழியில் இன்டர்கல்ச்சுரல் தியாலஜி, அதாவது பண்பாடுகளுக்கிடையேயான இறையியல், எம்.ஏ. படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்கிறீர்கள். மனசு மட்டும் சிஸ்டமாட்டிக் இறையியலில், திருச்சபைக் கோட்பாடுகளை ஒழுங்காக ஆராயும் துறையில்தான் இருக்கிறது. அதற்கு ஜெர்மன் மொழி கட்டாயமா, செலவு எவ்வளவு, குளிருக்கு என்ன எடுத்து வரவேண்டும், முடித்தபின் இங்கேயே வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செலவையும் குளிரையும் முதலில் முடித்துவிடுவோம். ஸ்காலர்ஷிப் கடிதம் கையில் இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் பிளாக்டு அக்கவுண்டில், மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், வருஷத்துக்கு 11,904 யூரோ (2025 நிலவரம்) காட்ட வேண்டும். வருவதற்கு முன் தூதரகத்தின் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோட்டு இங்கே வந்து வாங்குங்கள். அரிசி, பருப்பு, புளி எல்லாம் இலங்கைத் தமிழர் கடைகளில் கிடைக்கும்.

இனி மொழி. இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். ஆங்கிலத்திலேயே எம்.ஏ. வாங்கிவிடலாம், சரி. ஆனால் சிஸ்டமாட்டிக் இறையியல் இந்த நாட்டில் ஜெர்மனில்தான் நடக்கிறது. கார்ல் பார்த் என்ற பெரிய இறையியலாளரின் திருச்சபைக் கோட்பாட்டு நூல் 1932-இல் தொடங்கிப் பதின்மூன்று புத்தகங்களாக வளர்ந்து, முடியாமலே நின்றது. அது ஆங்கிலத்தில் உண்டு. அதை வைத்து இன்றைக்கு இங்கே நடக்கிற வாதத்துக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் கிடையாது. செமினாரில் உங்களுக்காக எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். நடுவில் இரண்டு பேருக்கு உண்மையாகவே கருத்து மோதும்; அந்த நிமிஷம் பேச்சு ஜெர்மனுக்குத் தாவிவிடும். எதற்காக இவ்வளவு தூரம் வந்தீர்களோ அந்தப் பேச்சு உங்கள் கண்முன்னே நடக்கும், உங்களுக்கு ஒன்றும் புரியாது.

சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் அடிக்கடி பயன்படுத்துகிற 'அன்ஃபெக்டுங்' (விசுவாசத்தை உலுக்கும் சோதனை) என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து சொல் போடுகிறார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. ஜெர்மனில் படித்தபோதுதான் எங்கள் ஆச்சி ஜெபத்தில் "ஏன் ஆண்டவரே என்னை இப்படிச் சோதிக்கிறீர்" என்று சண்டைக்கு நிற்பாளே, அந்தக் குரல் அதில் கேட்டது. அதனால் வருவதற்கு முன்னாலேயே மொழியைத் தொடங்குங்கள். கிரேக்கு, எபிரெயு பி.டி.யில் படித்ததை மறக்காதீர்கள். டாக்டர் பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தால் லத்தீனும் கேட்பார்கள்.

அடுத்தது இதைவிடப் பெரிய எச்சரிக்கை. 'இன்டர்கல்ச்சுரல்' என்ற வாசல் நல்ல வாசல்தான். முன்னால் மிஷன் இயல் என்று இருந்த துறைதான் மெல்ல மெல்ல அந்தப் பெயருக்கு மாறியது. அங்கே அன்பான மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வாசலில் நுழைந்தவரை அந்த அறையிலேயே உட்கார வைத்துவிடும் பழக்கம் இங்கே உண்டு. ஆப்பிரிக்கரும் ஆசியரும் செய்வது 'சூழல் இறையியல்'; ஜெர்மானியர் செய்வது வெறும் 'இறையியல்'. அதற்குச் சூழலே கிடையாது என்கிற மாதிரி.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் செமஸ்டர் மொழி வகுப்பிலேயே போயிற்று. இரண்டாவதில் ஷ்லையர்மாகர் என்ற ஜெர்மன் இறையியலாளரைப் பற்றிய செமினார். பக்தியின் சாரம் முழுமுற்றான சார்புணர்வு என்று அவர் ஒரு விளக்கம் கொடுக்கிறார். படித்த உடனே எனக்குச் சரணாகதி நினைவுக்கு வந்தது. நம் வைணவர்களின் வடகலை, தென்கலை தகராறு உங்களுக்குத் தெரியும்: குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்கிறது, பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகிறது. கிருபையில் மனுஷனுக்குப் பங்கு உண்டா இல்லையா என்று பழைய திருச்சபைத் தந்தை அகஸ்டின் காலத்திலிருந்து இவர்கள் வாதாடுகிற அதே கேள்வி. நான்கு பக்கம் எழுதினேன். அகராதி பார்த்து, வினைச்சொல்லையெல்லாம் ஒவ்வொன்றாக வாக்கியத்தின் கடைசிக்கு நகர்த்தினேன். பன்னிரண்டு நிமிஷம் வாசித்தேன். விரல் பட்ட இடத்தில் தாள் நனைந்து மை கலங்கிவிட்டது.

பேராசிரியர் "மிகவும் சுவாரசியம்" என்றார். பிறகு, இது மத ஒப்பீடு, மிஷன் துறையில் பேசினால் பொருத்தமாக இருக்கும், நாம் பாடத்துக்குத் திரும்புவோம் என்றார். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு முழுதாகப் போகவில்லை.

அந்தக் கோடையில் பார்த்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு மூன்று பக்கம், அதற்குமேல் முடியாது. 1938-இல் வந்த புத்தகத்தில், மதத்தைப் பற்றிய பதினேழாம் பிரிவில், திடீரென்று ஜப்பான் வருகிறது. ஷின்ரான் என்ற பௌத்தத் துறவி, அமிதாபரின் பெயர் மேல் வைக்கும் நம்பிக்கை மட்டும் போதும் என்ற அவருடைய போதனை. கிருபை மட்டும் என்று சொல்லுகிற மதம் வெளியிலும் இருக்கிறதே, அப்படியானால் கிறிஸ்தவத்தை எது வேறுபடுத்துகிறது என்று பார்த் தன்னையே கேட்டுக்கொண்டு, இயேசு கிறிஸ்து என்ற பெயர் ஒன்றுதான் என்று பதில் சொல்கிறார். அவருக்கு முன்பே, 1930-இல், ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மன் இறையியலாளர் இந்தியாவின் கிருபை மதத்தைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டிருந்தார். நம்முடைய பூனையும் குரங்கும் அங்கே வந்துவிட்டன. பார்த்தை யாரும் மிஷன் துறைக்குப் போகச் சொல்லவில்லையே!

அதே பேராசிரியருக்கு முப்பது பக்கத்தில் கட்டுரை எழுதினேன். தொடக்கம் முழுக்கப் பார்த்தின் வரிகள், அவர் வாதத்தின் ஒவ்வொரு படியும். பூனைக்குட்டி பத்தொன்பதாம் பக்கத்தில்தான் வந்தது. திரும்பி வந்த தாளில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி இருந்தது: "வடகலையாரின் பிரபத்தியில் (சரணாகதியில்) மனிதச் செயல் சரியாக எந்த இடத்தில் தொடங்குகிறது?" அவர் என்னிடம் கேட்ட முதல் உண்மையான கேள்வி அது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

நான் சொல்லவருவது இதுதான், தம்பி. நம் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஆனால் அவர்கள் நூலுக்குள் போய், அவர்கள் பாஷையில், அவர்கள் ஒதுக்க முடியாத இடத்தில் அதை வையுங்கள். நம்மிலேயே இதற்கு முன்னோடி உண்டு. பாளையங்கோட்டையில் பிறந்த ஏ.ஜே. அப்பாசாமி ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய், யோவான் சுவிசேஷத்தையும் பக்தி இலக்கியத்தையும் சேர்த்து வைத்துத்தான் ஆய்வு செய்தார். பின்னால் கோயம்புத்தூர்ப் பேராயர் ஆனார்.

இந்தத் தடுப்புச் சுவர் பழையது. ஹாலே ஊரில் ஃபிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. கட்டாயம் போய்ப் பாருங்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, ஏழே வருஷத்தில் நம் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அதை அச்சிடாமல் ஒதுக்கி வைத்தார்கள். 1867-இல்தான், அதுவும் சென்னையில், அச்சேறியது. அந்தக் காப்பகத்தில் நின்றபோது என் நான்கு பக்கம்தான் ஞாபகம் வந்தது.

எக்குமெனிக்கல், அதாவது திருச்சபைகளின் ஒற்றுமை, என்ற சொல்லுக்கு வருகிறேன். சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த நமக்கு அது அன்றாடச் சோறு, அதனால் அதன் மதிப்பு தெரிவதில்லை. ஒரு செமினாரில் லொயன்பெர்க் உடன்படிக்கை படித்தோம். லுத்தரன்களும் சீர்திருத்த சபையாரும் ஐரோப்பாவில் ஒருவர் மேசையில் ஒருவர் திருவிருந்து எடுக்கலாம் என்று 1973-இல் ஒப்புக்கொண்ட உடன்படிக்கை. நான் கை தூக்கி, 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பேராயர் உள்ள சபையும் பேராயரே வேண்டாம் என்ற சபைகளும் ஒரே திருச்சபையாகிவிட்டன என்றேன். அதற்கு விதை போட்டது 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய முப்பத்து மூன்று பேர், அவர்களில் இரண்டே பேர்தான் வெளிநாட்டவர் என்பதையும் சொன்னேன். அந்தத் தரங்கம்பாடியின் லுத்தரன்கள் இன்றுவரை சேரவில்லை என்பதையும் மறைக்கவில்லை. பேராயர் தலையில் கை வைத்துப் பட்டம் கொடுக்காத பழைய ஆயர்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். அப்படியே ஏற்றுக்கொண்டோம், இனி வரும் ஆயர் பட்டம் மட்டும் பேராயர் கையால் என்று வைத்துக்கொண்டோம் என்றேன். ஒரு மணி நேரம் அதையே பேசினார்கள். சி.எஸ்.ஐ. வரலாற்றை ஆண்டு தேதியோடு நன்றாகப் படித்துக்கொண்டு வாருங்கள்.

வகுப்பைவிட விடுதிச் சமையலறையில் அதிகம் படித்தேன். என் தளத்தில் ருமேனிய ஆர்த்தடாக்ஸ் ஒருவர், தான்சானியா லுத்தரன் ஒருவர், கொரியப் பிரஸ்பிட்டீரியன் ஒருவர், பிரேசில் கத்தோலிக்கர் ஒருவர். தபசு காலத்தில் ருமேனியர் இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடமாட்டார். என் சாம்பாரில் இது மூன்றும் கிடையாது. நாற்பது நாளும் என் பானைக்கு வந்தார். ஒரு ராத்திரி, தட்டைக் கழுவிக்கொண்டே, "பரிசுத்த ஆவியானவர் பிதாவிலும் குமாரனிலுமிருந்து புறப்படுகிறார் என்று சொல்கிறீர்களே, 'குமாரனிலும்' என்று சேர்க்க உங்களுக்கு எந்த மகாசபை அனுமதி கொடுத்தது?" என்று கேட்டார். சின்ன வயசிலிருந்து நற்கருணை ஆராதனையில் விசுவாசப் பிரமாணத்தில் சொல்லிவந்த வரி. அது முதலில் ஸ்பெயினில் நுழைந்தது, ரோமில் 1014-இல்தான் பாடினார்கள் என்பதே எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை. ஆங்கிலேய மிஷனரி கொண்டுவந்து கொடுத்ததை நாம் அப்படியே மனப்பாடம் செய்திருக்கிறோம். 2024-இல் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஆர்த்தடாக்ஸ் சபைகளும் அந்தச் சொல் இல்லாத பழைய வடிவத்தையே பயன்படுத்தலாம் என்று கூட்டறிக்கை விட்டபோது, முதலில் அவருக்குத்தான் செய்தி அனுப்பினேன்.

நாங்கள் ஐந்து பேரும் ஒரே வாரக்கடைசி டிக்கெட்டில் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் போனோம். நீதிமானாக்கப்படுதல், அதாவது பாவியைக் கடவுள் நீதிமானாக ஏற்பது, பற்றிக் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்ட நாள். அதற்கு முன்னால் நூற்றுக்கும் மேற்பட்ட ஜெர்மன் இறையியல் பேராசிரியர்கள் அதை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஊரிலிருந்து வந்த புதிதில் எனக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. ஒற்றுமையை எதிர்ப்பார்களா என்று கோபப்பட்டேன். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்ற லுத்தரின் வரியை இழந்துவிடுவோம் என்று அவர்கள் பயந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. கொள்கைக்காக அப்படிப் பதறுகிறவர்களை நான் இப்போது மதிக்கிறேன். திரும்பி வரும் ரயிலில் தான்சானியா நண்பர் பிரேசில்காரரிடம், "அப்படியானால் அடுத்த ஞாயிறு உங்கள் பூசையில் நான் நற்கருணை வாங்கலாமா?" என்றார். "முடியாது" என்றார் அவர். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூன்று வருஷம் இங்கே இருந்து, ஜெர்மனில் ஒரு பத்தி வாசிக்காமல், தன் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதிப் பட்டத்தோடு திரும்புகிறவர்கள் உண்டு. வழிகாட்டிக்கு அந்த ஊர் தெரியாது, அதனால் தலையாட்டிவிடுவார். தலித் இறையியல் பேசுகிறவர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது 1980-களில் பெங்களூரில் ரத்தமும் சதையுமாகப் பிறந்தது. அதை ஐரோப்பியரின் அனுதாபத்துக்குக் காட்டும் பொருளாக ஆக்காதீர்கள். சபைகளில் 'இந்திய மாலை' என்று வேட்டி கட்டி வரச்சொல்லிப் படம் காட்டச் சொல்வார்கள். இரண்டு முறை போங்கள். மூன்றாவது முறை, பிரசங்கம் செய்ய அனுமதித்தால் வருகிறேன் என்று சொல்லுங்கள். நான் சொன்னேன், கொடுத்தார்கள்.

இன்னொரு கூட்டம், ஊருக்குப் போய் "ஐரோப்பாவில் விசுவாசம் செத்துவிட்டது" என்று மேடையில் முழங்கும். 2023-இல் மட்டும் ஜெர்மனியின் இரண்டு பெரிய திருச்சபைகளான கத்தோலிக்க, புரொட்டஸ்டன்ட் திருச்சபைகளிலிருந்தும் சேர்த்து ஏழரை லட்சத்துக்கு மேல் விலகினார்கள், மெய்தான். நான் பதினைந்து வருஷமாக மருத்துவமனை ஆயர். விலகினவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு சங்கீதம் 23 கேட்டிருக்கிறார்கள். ஆகஸ்டில் கெவலார் என்ற மாதா திருத்தலத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆயிரக்கணக்கான இலங்கைத் தமிழர் மாதாவிடம் வருவார்கள், அவர்களில் பொட்டு வைத்த இந்துக்கள் எத்தனை பேர்! இதற்கு உங்கள் சிஸ்டமாட்டிக் இறையியலில் இடம் எங்கே என்று யோசித்துக்கொண்டே மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.

வேலை? எம்.ஏ.யை வைத்து இங்கே ஆயராக முடியாது. அதற்குத் திருச்சபைத் தேர்வு, விகாரியாத் என்ற ஆயர் பயிற்சி என்று வேறு பாதை. நான் அதில் நுழைந்த கதை நீளம், வந்தபின் பேசலாம். பல பீடங்களில் டாக்டர் பட்டத்துக்கு உலகத் திருச்சபை மன்றத்தில் உள்ள சபையின் அங்கத்தினர் என்ற சான்று கேட்பார்கள். சி.எஸ்.ஐ. அதில் இருக்கிறது, உங்கள் டயோசிஸில் (பேராயத்தில்) கடிதம் வாங்கி வையுங்கள். ஊர்ப் பதிவு அலுவலகத்தில் மதம் கேட்கும் கட்டம் இருக்கும். 'எவாங்கேலிஷ்' (புரொட்டஸ்டன்ட்) என்று எழுதினால், சம்பளம் வாங்கும் நாளில் வருமான வரியில் எட்டு அல்லது ஒன்பது சதவீதம் திருச்சபை வரியாகப் பிடிப்பார்கள். நான் தெரியாமல்தான் எழுதினேன், இன்று தெரிந்தே கட்டுகிறேன்.

அந்த ருமேனிய நண்பர் இப்போது ஒரு மலைக் கிராமத்தில் பாதிரியார். போன தபசு காலத்தில் எழுதியிருந்தார்: பருப்பு கிடைக்கிறது, புளி கிடைக்கவில்லை, புளித்த பிளம்ஸ் போட்டால் சரியாக வருமா என்று. போட்டுப் பாருங்கள், வெல்லம் மட்டும் சேர்க்க வேண்டாம் என்று பதில் எழுதினேன். நீங்கள் வரும்போது ஒரு கிலோ நல்ல பழம்புளி எடுத்து வாருங்கள், அவருக்கு அனுப்ப வேண்டும்.