அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள க்ளென் எக்கோ பூங்காவின் குதிரை ராட்டினம் அசலா, நகலா? பள்ளித் திட்டத்துக்காகக் கேட்கிறேன்.

அசல்தான். 1921-இல் டென்ட்ஸல் என்ற ராட்டினத் தயாரிப்பு நிறுவனம் செய்த அதே ராட்டினம், அதே இடத்தில் இன்றும் சுற்றுகிறது. அங்கிருந்த கேளிக்கைப் பூங்கா 1968-இல் மூடப்பட்டதாகப் படித்ததால் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். மற்ற ராட்டினங்களை விற்றுவிட்டார்கள். 1970-இல் இதுவும் விலைபோனது. அக்கம்பக்கத்து மக்கள் 80,000 டாலர் திரட்டி மீட்டார்கள். க்ளென் எக்கோ என்ற அந்தச் சின்ன ஊர் செய்த பெரிய காரியம் அது.

நேரில் போனால் இரண்டைப் பாருங்கள்:

1. உருவங்கள் மரத்தில் செதுக்கியவை. குதிரைகளோடு முயல், தீக்கோழி, ஒட்டகச்சிவிங்கி, சிங்கம், புலி எல்லாம் இருக்கும்.

2. வெளிவரிசைக் குதிரைகளின் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் ஒப்பிடுங்கள். அமெரிக்க ராட்டினங்கள் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், பார்வையாளருக்குத் தெரியும் வலப்பக்கத்தில்தான் வேலைப்பாடு அதிகம்.

ஆனால் பூச்சை வைத்து வயதை முடிவு செய்யாதீர்கள். 1983 முதல் 2003 வரை பழைய பூச்சடுக்குகளை நீக்கிப் புதுப்பித்திருக்கிறார்கள்.

பள்ளித் திட்டத்துக்காகக் கேட்டிருப்பதால் இதையும் சேர்த்துவிடுங்கள், விட்டுவிடக் கூடாது. 1961 வரை கறுப்பின மக்களுக்கு இந்தப் பூங்காவில் இடமில்லை. 1960 ஜூன் 30 அன்று, வெளியேற மறுத்து இதே ராட்டினத்தில் உட்கார்ந்திருந்த கறுப்பின இளைஞர்கள் ஐவர் கைதானார்கள். அவர்களுக்கு விதித்த தண்டனையை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1964-இல்தான் ரத்து செய்தது.

அப்புறம், குளிர்காலத்தில் ராட்டினம் ஓடாது. கோடையில் போங்கள்.